சப்ரகமுவத் தோட்டங்களில் வலசைப் பறவைகள்

பறவை நோக்கல் ஓய்வுடையோரின் பொழுதுபோக்கு என்னும் கருத்து எம்மிடையே வேரூன்றியுள்ளது. இலங்கைப் பறவையியலின் எழுதப்பட்ட வரலாறும் இதற்குத் துணைநிற்கின்றது. 1880 இல் நிறைவுற்ற லெக்கின் பெருநூல் பிரித்தானியப் படை அதிகாரி ஒருவரின் ஆக்கம். 1955 இல் வெளிவந்த ஹென்றியின் வழிகாட்டி கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஒருவரால் எழுதப்பட்டது. எனினும், வலசைப் பறவைகளை நாளாந்தம் அண்மையிற் காண்போருள் தோட்டத் தொழிலாளரும் அடங்குவர். இதனை இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை முன்வைத்து நோக்குவோம்.

வடநிலங்களிற் குளிர் மிகும்போது பூச்சியினங்கள் அருகுகின்றன. அவற்றை உண்டு வாழும் சிறு பறவைகள் தெற்கு நோக்கிப் பெயர்கின்றன. பல இரவிலேயே பறக்கின்றன. விண்மீன்களும் புவியின் காந்தப்புலமும் அவற்றுக்குத் திசை காட்டுகின்றன. இலங்கைக்குத் தெற்கே பெருங்கடலே உள்ளமையால், பலவற்றுக்கு இத்தீவே பயணத்தின் முடிவிடமாகின்றது. செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்களில் வருவன ஏப்ரல் அளவில் மீளுகின்றன.

இவற்றுள் ஆறுமணிக்குருவி சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. அதிகாலையிலும் அந்தியிலும் அது எழுப்பும் இரட்டைச் சீழ்க்கையொலியே தமிழில் இப்பெயர் வழங்கக் காரணமாயிற்று. சிங்கள மக்கள் அதனை 'அவிச்சியா' என்பர். மயில் கவர்ந்துசென்ற தன் ஆடைக்காக அது அழுகின்றது என்பது அவர்தம் நாட்டார் வழக்கு. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனம்பெருக்கும் இப்பறவை, இங்கு நிழல்படர்ந்த நிலத்தில் உதிர்ந்த இலைகளைக் கிளறிப் புழுபூச்சிகளைத் தேடுகின்றது. விடியலில் இறப்பர்ப் பால்வெட்டச் செல்லும் தொழிலாளியின் வேலைநேரமும் இதன் குரல் கேட்கும் நேரமும் ஒன்றே. சாம்பல் வாலாட்டி ஓடைக்கரைகளையும், கொடிக்கால் வாலாட்டி நிழல்வழிகளையும், பழுப்பு ஈபிடிப்பான் தாழ்ந்த கிளைகளையும் நாடுகின்றன.

ஆகவே, இப்பறவைகளின் வாழ்வு காப்பகங்களில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக வெட்டப்பட்ட சிங்கராசக் காடு, எதிர்ப்பின் பயனாக 1977 இல் வெட்டுதலினின்று மீண்டது. 1988 இல் உலக மரபுரிமையாயிற்று. ஆனால் லயங்களைச் சூழ்ந்த பலாமரங்களுக்கும் தோட்டத்து ஓடைக்கரைகளுக்கும் அத்தகைய காப்பு இல்லை. களைகொல்லி தெளிக்கப்படும் நிலத்திற் பறவைக்கு இரை குறைகின்றது. அதனைத் தெளிக்கும் தொழிலாளியின் உடலும் அந்நஞ்சுக்கு ஆளாகின்றது. இரண்டையும் வெவ்வேறு பிரச்சினைகளாகக் கருதுதல் பொருந்தாது.

மற்றொரு வரலாற்றுண்மையும் ஈண்டு நோக்கற்பாலது. காப்பிக் காலத்திற் தமிழகத்திலிருந்து வந்தோருட் பலர் அறுவடைப் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலையே அவர்களை இங்கு நிலைபெறச் செய்தது. அவ்வாறு நிலைபெற்றோரின் வழித்தோன்றல்களை 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. பறவையின் பெயர்வை இயற்கை நெறிப்படுத்துகின்றது. இம்மக்களின் பெயர்வை மூலதனமும் அரசுகளும் நெறிப்படுத்தின. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒப்பிடுதல் கவிதையாகலாம், ஆய்வாகாது.

தோட்டப் பாடசாலைகள் முதல் வரவு, இறுதிக் குரல் ஆகியவற்றை நாட்குறிப்பாகப் பேணத் தொடங்கின், சில ஆண்டுகளிலேயே பயனுள்ள சான்றுகள் சேரும். அவற்றைச் சேர்த்தோரின் பெயர்களும் ஆய்வேடுகளில் இடம்பெறுதல் வேண்டும்.