நெய்வேலி நகரியமும் காடாம்புலியூர் வட்டாரமும்: ஊர் வாழ்வில் கலை, பண்பாட்டு அமைப்புகளின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

கலை, பண்பாட்டு அமைப்புகள் ஒரு நகரத்தின் சமூக வாழ்வை வளப்படுத்துகின்றன என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும். அவ்வளம் எவ்வாறு உருவாகிறது, யாரைச் சென்று சேர்கிறது என்னும் வினாக்கள் போதிய அளவில் ஆராயப்படவில்லை. கடலூர் மாவட்டத்தில் பழுப்பு நிலக்கரித் தொழிலால் தோன்றிய நெய்வேலி நகரியத்தையும், அதனை அடுத்துப் பண்ருட்டி வட்டத்தில் அமைந்த காடாம்புலியூர் வட்டாரத்தின் சிற்றூர்களையும் ஒப்புநோக்கி இக்கட்டுரை அவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது. நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், அவற்றில் மக்களுக்குள்ள உரிமையே ஊர் வாழ்வை வளப்படுத்துகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நெய்வேலி, காடாம்புலியூர், தெருக்கூத்து, பாரத விழா, புத்தகக் கண்காட்சி, தலைக்கட்டு வரி, நடுநாடு.

முன்னுரை

விழாவும் ஊரும் ஒன்றையொன்று சார்ந்தவை என்னும் எண்ணம் தமிழ் மரபில் தொன்மையானது. மணிமேகலையின் விழாவறை காதை இதற்குத் தக்க சான்று. புகார் நகரத்து இந்திர விழாவை எடுப்பது குறித்துச் சமயக் கணக்கரும், பன்மொழி பேசும் மாக்களும், ஐம்பெருங்குழுவும், எண்பேராயமும் ஒருங்கே கூடி முடிவு செய்கின்றனர். அதன் பின்னரே முரசறைவோன் 28 நாள் விழாவை நகரத்தார்க்கு அறிவிக்கிறான். தெருக்களை அணிசெய்க என்பதோடு அவன் அறிவிப்பு நின்றுவிடவில்லை. வாதிட வல்லவர் பட்டிமண்டபம் ஏறுக என்றும், பகைவரிடத்தும் சினமும் பூசலும் தவிர்க்க என்றும் அவன் கூறுகிறான். விழாவை முடிவு செய்யும் அவை, கருத்துரைக்கும் மேடை, பகை மறந்து கூடும் வெளி ஆகிய மூன்றும் இக்காதையில் ஒருசேர அமைந்துள்ளன. இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய ஒரு தொழில் நகரத்தை ஆராய இடமுண்டு.

நெய்வேலி: வேரற்ற நகரும் கலைத் தேவையும்

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது நீருடன் கரிய பொருள் வெளிப்பட்டது. அதுவே இப்பகுதியின் பழுப்பு நிலக்கரிப் படிவத்தை அறிவதற்கு வழிவகுத்தது. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957 மே மாதத்தில் பிரதமர் சவகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரிப் படிவம் வெளிக்கொணரப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில் அனல்மின் உற்பத்தியும் தொடங்கியது.

சுரங்கத்தோடு உருவான நகரியம் எண்ணிட்ட வட்டங்களாகப் பகுக்கப்பட்டது. தெருவுக்குத் தெரு ஒரே அமைப்பிலான குடியிருப்புகள், சாலையோர மரங்கள், பள்ளிகள், மருத்துவமனை என அனைத்தும் திட்டமிட்டு எழுப்பப்பட்டன. இந்நகரியத்திற்கு இரு தனித்தன்மைகள் உண்டு. முதலாவது, வீடு நிறுவனத்திற்கு உரியது. பணியாளர் ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். ஆதலின் தலைமுறை தலைமுறையாக ஒரே மனையில் வாழும் குடிகள் அங்கு இல்லை. இரண்டாவது, நகரியத்தை நிறுவனத்தின் நகர நிர்வாகமே ஆள்கிறது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றம் அங்கு இல்லை.

குலதெய்வமும் பூர்விக நிலமும் வேறு ஊர்களில் இருக்க, பணியின் பொருட்டு ஒன்றுகூடிய பல மாவட்டத்தாரும் பல மொழியினரும் தம்மை ஓர் ஊரினராக உணர்வதற்குப் பொதுவான வெளி தேவைப்பட்டது. கோயில் விழாக்களும் இசையரங்குகளும் இலக்கிய மேடைகளும் அத்தேவையை நிறைவு செய்தன. வில்லுடையான்பட்டு முருகன் கோயிலின் பங்குனி உத்திர விழா நகரியத்தாரும் சுற்றூராரும் சேர்ந்து கூடும் விழாவாக நிலைத்துள்ளமை இதற்கு எடுத்துக்காட்டு.

இசைத்துறையில் காணப்படும் ஒரு செய்தி இங்குக் கருதத்தக்கது. இசைக் கலைஞரின் பெயருக்கு முன் ஊர்ப்பெயரை இட்டு வழங்குவது கருநாடக இசையுலகின் மரபு. அரியக்குடி, செம்மங்குடி, உமையாள்புரம் என அவ்வாறு வழங்கும் பெயர்கள் நெடுங்கால வரலாறுடைய ஊர்களைச் சுட்டுவன. வாய்ப்பாட்டுக் கலைஞர் நெய்வேலி சந்தானகோபாலன், மிருதங்கக் கலைஞர்கள் நெய்வேலி நாராயணன், நெய்வேலி வெங்கடேஷ் ஆகியோரின் பெயர்கள் அவ்வரிசையில் இடம்பெறுகின்றன. திட்ட வரைபடத்தில் பிறந்த ஒரு நகரம், சில பத்தாண்டுகளுக்குள் இசைக் கலைஞரின் பெயரில் முன்னிற்கும் ஊராக மாறியுள்ளது. ஒரு குடியிருப்பு ஊராக முதிர்ந்தமைக்கு இதனை ஓர் அடையாளமாகக் கொள்ளலாம்.

காடாம்புலியூர் வட்டாரம்: தலைக்கட்டு வரியும் பாரத விழாவும்

பண்ருட்டியிலிருந்து வடலூர் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்வேலிக்கு வடக்கே அமைந்த ஊர் காடாம்புலியூர். செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளும் பலாவும் இவ்வட்டாரத்தின் இயல்புகள். நிலக்கரி வெளிப்படுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இங்குள்ள சிற்றூர்களுக்குத் தமக்கென்று கலை அமைப்புகள் இருந்தன. அவற்றிற்குப் பதிவெண்ணோ அலுவலகமோ இல்லாமையால், பண்பாட்டு அமைப்புகள் பற்றிய பேச்சில் அவை பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன.

பழைய தென்னார்க்காட்டுப் பகுதி முழுவதும் பரவிய திரௌபதியம்மன் வழிபாடு இவ்வமைப்புகளுள் முதன்மையானது. பாரத விழாவில் பகலில் பாரதப் பிரசங்கியார் கதை கூறுவார். இரவில் தெருக்கூத்து ஜமா அதே கதைப்பகுதியை விடியும்வரை ஆடும். அருச்சுனன் தபசில் நடிகர் மரமேறுவதும், படுகளத்தன்று மண்ணால் வடித்த துரியோதனன் உருவின் முன் ஊர் கூடுவதும், நிறைவில் தீமிதி நிகழ்வதும் இவ்விழாவின் படிநிலைகள். வழிபாடு, இலக்கியம், நாடகம் ஆகிய மூன்றும் இங்குப் பிரிக்க இயலாதவை. ஆல்ஃப் ஹில்டெபைட்டல், ரிச்சர்ட் ஃபிராஸ்கா ஆகிய ஆய்வாளர்கள் இவ்வழிபாட்டையும் கூத்தையும் தனித்தனி நூல்களில் விரிவாக ஆராய்ந்தமைக்கும் இந்த இணைவே காரணம்.

இவ்விழாவின் பொருளியல் அடிப்படை தலைக்கட்டு வரி. குடும்பத்திற்கு இவ்வளவு என ஊர்க்கூட்டம் முடிவு செய்யும். வரி கொடுத்த ஒவ்வொரு குடும்பத்திற்கும் விழாவில் பங்கு உண்டு. எந்த ஜமாவுக்குத் தாம்பூலம் வைப்பது, எந்தக் கதையை ஆடச் சொல்வது என்பனவும் ஊர்க்கூட்டத்தில் பேசி முடிக்கப்படும். கூத்து சரியில்லையெனில் வாத்தியாரை நேரில் வினவும் உரிமை ஊராருக்கு உண்டு. கட்டியங்காரன் கூத்தின் நடுவே ஊர் நடப்பைக் கேலி செய்வதும் அவ்வுரிமையின் மறுபக்கமே. இங்கு மக்கள் பார்வையாளராக மட்டும் நிற்பதில்லை, பங்காளராகவும் இருக்கின்றனர்.

ஆயினும் இவ்வமைப்பைக் குறையற்றதாகக் கொள்ள இயலாது. தலைக்கட்டு வரி பெறப்படாத குடிகளுக்கு விழாவில் உரிமையும் இல்லை. சிற்றூர் விழாக்களில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகள் விலக்கப்பட்ட வரலாறு தமிழகம் அறிந்ததே. பங்கு என்னும் கருத்து சிலரை உள்ளே சேர்க்கும்போதே வேறு சிலரை வெளியே நிறுத்தவும் செய்தது.

புத்தகக் கண்காட்சி: இரு உலகங்கள் சந்திக்கும் இடம்

நகரியமும் சிற்றூரும் ஒரே வெளியில் கூடுவதற்கு வாய்ப்பளித்த நிகழ்வு 1998-இல் தொடங்கப்பெற்ற நெய்வேலி புத்தகக் கண்காட்சி. சென்னைப் புத்தகக் காட்சி 1977-இல் தொடங்கியது. ஈரோட்டுப் புத்தகத் திருவிழா 2005-இல் தொடங்கியது. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா என்னும் தமிழக அரசின் திட்டம் 2022-இல்தான் பரவலாயிற்று. ஒரு பொதுத்துறை நிறுவனம் தலைநகருக்கு வெளியே, தொழிலாளர் குடியிருப்பின் நடுவே, அதற்கு 24 ஆண்டுகள் முன்னரே இம்முயற்சியை மேற்கொண்டமை குறிப்பிடத்தக்கது.

நூல் விற்பனையோடு எழுத்தாளரையும் பதிப்பாளரையும் பாராட்டுதல், நூல் வெளியிடுதல், மாணவர் போட்டிகள், மாலைநேரச் சொற்பொழிவு, கலை நிகழ்ச்சிகள் ஆகியனவும் இக்கண்காட்சியின் பகுதிகளாக அமைந்தன. ‘தினமணி’ நாளிதழுடன் இணைந்து நடத்தப்பெற்ற சிறுகதைப் போட்டி இதன் பெயரைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றது.

இவ்வட்டார இலக்கியத்தின் போக்கை நோக்கினால் கண்காட்சியின் தேவை மேலும் தெளிவாகும். நடுநாட்டு வாழ்வைத் தமிழ்ப் புனைகதைக்குள் கொண்டுவந்தோர் பெரும்பாலும் சுற்றூர்களிலிருந்தே எழுதினர். பண்ருட்டிப் பகுதியின் பத்திரக்கோட்டையில் பிறந்த தங்கர் பச்சான் முந்திரி, பலா நிலத்து உழவர் வாழ்வை ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ புதினத்தில் வடித்தார். விருத்தாசலம் பகுதியைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் புனைகதைகளோடு ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யையும் தொகுத்தார். ‘செல்லாத பணம்’ புதினத்திற்காக 2020-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இமையமும் இந்நிலப்பரப்பையே எழுதுபவர். குறிஞ்சிப்பாடியைச் சார்ந்த குறிஞ்சிவேலன் ‘திசை எட்டும்’ இதழ்வழி மொழிபெயர்ப்பிலக்கியத்தை வளர்த்தார். சுற்றூர்களில் எழுத்து விளைந்தது. நூல் வாங்கும் பழக்கமும் அதற்கான மாத வருவாயும் நகரியத்தில் இருந்தன. இவ்விரண்டையும் ஒரே திடலில் சந்திக்கச் செய்தமையே கண்காட்சியின் முதன்மைப் பங்களிப்பு. வெளிச்சுவர் எழுப்பாமலே நகரியத்திற்கும் சிற்றூருக்கும் இடையே நிற்கும் தடை, அந்நாள்களிலேனும் தளர்கிறது.

நிலமும் நினைவும்

இவ்வாய்வில் தவிர்க்கவியலாத ஒரு கூறு நிலம். சுரங்கம் விரியுந்தோறும் சிற்றூர்கள் இடம்பெயர்கின்றன. 2023 சூலையில் வளையமாதேவிப் பகுதியில் பயிர் நின்ற வயலில் கால்வாய்ப் பணி தொடங்கியபோது எழுந்த எதிர்ப்பு, நிலத்திற்கும் வாழ்வுக்கும் உள்ள பிணைப்பை நாடறியச் செய்தது. இழப்பீட்டுக் கணக்கில் மனையும் வயலும் மரமும் கிணறும் இடம்பெறுகின்றன. கூத்து ஆடும் களரியும், தீக்குழி வெட்டும் திடலும், தேர் சுற்றும் தெருவும் அக்கணக்கில் கலை வெளிகளாக மதிக்கப்படுவதில்லை. ஓர் ஊரின் குடும்பங்கள் பல இடங்களுக்குச் சிதறும்போது தலைக்கட்டு என்னும் எண்ணிக்கையே கலைகிறது. அதனோடு விழா எடுக்கும் அமைப்பும் கலைகிறது. சிலையை வேறிடத்தில் நிறுவலாம், வரி கொடுத்துப் பங்கு பெற்ற ஊர்க்கூட்டத்தை அவ்வாறு நிறுவ இயலாது.

வடலூர் காட்டும் வழி

தலைக்கட்டு முறையில் உரிமை உண்டு, ஆனால் எல்லார்க்கும் இடமில்லை. நிறுவன விழாவில் எல்லார்க்கும் இடமுண்டு, ஆனால் முடிவெடுக்கும் உரிமை இல்லை. இவ்விரு குறைகளையும் கடந்த ஓர் அமைப்பு நெய்வேலிக்கு அண்மையிலேயே உள்ளது. வடலூரில் இராமலிங்க அடிகள் 1867-இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது, பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தைத் தாமே உவந்தளித்தனர். அங்கு மூட்டிய அடுப்பு சாதி, சமய வேறுபாடின்றிப் பசித்தவர்க்கு உணவளித்து வருகிறது. 1872-இல் சத்திய ஞான சபை அமைந்தது. தைப்பூசச் சோதி தரிசனத்திற்கு நாடெங்குமிருந்து மக்கள் கூடுகின்றனர். மக்கள் கொடையில் எழுந்து, கொடுத்தவர்க்கு மட்டும் என எல்லை வகுக்காத அமைப்பு இது. பங்கும் திறந்த வாயிலும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதை இது மெய்ப்பிக்கிறது.

இக்காலச் சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135-ஆம் பிரிவின்கீழ் வரும் நிறுவனங்கள் தம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வகை செய்கிறது. பாரம்பரியக் கலைகளின் வளர்ச்சி, பண்பாட்டுப் பாதுகாப்பு, பொது நூலகம் அமைத்தல் ஆகியன அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. ஆகவே பொருள் வழங்க வழியுண்டு. அப்பொருளை எதற்கு, எவ்வாறு செலவிடுவது என்னும் முடிவில் சுற்றூர் மக்களுக்கு இடம் உண்டா என்பதே எஞ்சும் வினா.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. பிறப்பால் எவர்க்கும் உரிமையில்லாத நெய்வேலி நகரியத்தில், கலை, இலக்கிய நிகழ்வுகளே பணியாளர் கூட்டத்தை ஊர்ச் சமூகமாக மாற்றின. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத அந்நகரில் அவை பொதுவெளியாகவும் செயற்பட்டன.

2. காடாம்புலியூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் தலைக்கட்டு வரியை அடிப்படையாகக் கொண்ட பாரத விழா, மக்களைப் பங்காளராக்கும் முழுமையான கலை அமைப்பாகும். அதன் விலக்கல்களையும் ஆய்வுலகம் மறைத்தல் தகாது.

3. நெய்வேலி புத்தகக் கண்காட்சி சுற்றூர் எழுத்தையும் நகரிய வாசிப்பையும் இணைத்தது. விழாக் குழுக்களில் சிற்றூர்ப் படைப்பாளரும் கூத்து வாத்தியாரும் இடம்பெறின் இவ்விணைப்பு மேலும் உறுதிபெறும்.

4. தெருக்கூத்தைச் சில நிமிடக் காட்சிப் பொருளாக மேடையேற்றுதல் அக்கலைக்கு வளம் சேர்க்காது. இரவு முழுதும் ஆடும் அதன் இயல்புக்கேற்ற களமும் காலமும் வழங்கப்பட வேண்டும்.

5. இடம்பெயரவிருக்கும் ஊர்களின் விழா முறை, கூத்துப் பாடம், களரி அமைப்பு ஆகியவற்றை அவ்வூரார் துணையுடன் ஆவணப்படுத்துவது உடனடித் தேவை. நிலம் கைமாறிய பின் அப்பணி நிறைவேறாது.

புகாரின் விழாவை முரசறைவோன் அறிவிப்பதற்கு முன் ஓர் அவை கூடியது. அந்த அவையில் அமர்வதற்குச் சுற்றூராருக்கும் இடம் கிடைக்கும்போதே நெய்வேலியின் கலை வளம் அவ்வட்டாரம் முழுவதற்கும் உரிய வளமாகும்.