கருத்தடை வேறு, நோய்த்தடை வேறு

தமிழ்க் குடும்பங்கள் மிகுதியாக வாழும் ஸ்ரீராம்புரம் அமைந்த பெங்களூர் நகரம், முன்னாளில் மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்ததாகும். அரசினர் மருத்துவமனைகளில் கருத்தடை நிலையங்கள் அமைக்க 1930-ஆம் ஆண்டிலேயே ஆணையிட்ட பெருமை அச்சமஸ்தானத்துக்கு உண்டு. நாடு தழுவிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டமோ 1952-இல்தான் தோன்றியது. பிள்ளைப்பேற்றைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதே அன்று எழுந்த வினா. நோயைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதையும் இன்று நாம் சேர்த்துக் கேட்டல் வேண்டும்.

பெண்களுக்கான கருத்தடை அறுவைச் சிகிச்சை கருக்குழாயை அடைக்கிறது. மாத்திரைகளுள் பலவும், மூன்று திங்களுக்கு ஒருமுறை போடப்படும் ‘அந்தரா’ ஊசியும் கருமுட்டை வெளிப்படாமல் தடுக்கின்றன. காப்பர்-டி விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது. ஆயினும் இவற்றுள் எதுவும் பால்வினை நோய்க் கிருமிகளைத் தடுப்பதில்லை. கருவையும், பெருமளவு நோயையும் ஒருங்கே தடுப்பவை ஆணுறையும் பெண்ணுறையுமே.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமாகி வாழும் பெண்களுள் நூற்றுக்குச் சுமார் 38 பேர் அறுவைச் சிகிச்சையையே மேற்கொண்டவர்கள். ஆணுறையைக் கைக்கொள்வோர் 10 பேருக்கும் குறைவு. ‘ஆபரேஷன் ஆகிவிட்டதே, இனி உறை எதற்கு?’ என்று கேட்கத் தோன்றலாம். கருவைப் பொறுத்தவரை அக்கேள்வி சரியே. நோயைப் பொறுத்தவரை அன்று.

வெட்டை எனப்படும் கொனோரியாவும், கிளமிடியாவும் பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறியின்றியே தங்கிவிடும். கவனியாது விட்டால் கருக்குழாயில் தழும்பு உண்டாக்கி மலட்டுத் தன்மைக்கும் காரணமாகும். கிரந்தி எனப்படும் சிபிலிஸ் வயிற்றிலுள்ள சிசுவையும் தாக்கும். இம்மூன்றும் மருந்தினால் குணமாகக் கூடியவை. காப்பர்-டி பொருத்துவதற்கு முன் மருத்துவர் பரிசோதிப்பதும் இதன் பொருட்டே. கருப்பை வாயில் நோய் இருப்பின், அதை முதலில் தீர்த்தல் வேண்டும்.

மனைவி மட்டும் மருந்து உண்டு, கணவர் உண்ணாவிடின் நோய் மீண்டும் வரும். ஆகவே இருவரும் சேர்ந்தே செல்வது நலம். ஸ்ரீராம்புரத்தார்க்கு மல்லேஸ்வரம் கே.சி. ஜெனரல் மருத்துவமனை அண்மையில் உள்ளது. வாணி விலாஸ் மருத்துவமனைக்கு மெட்ரோவில் ஏறி மார்க்கெட் நிலையத்தில் இறங்கலாம். அரசின் ‘சுரக்ஷா’ மையங்களில் சிகிச்சை இலவசம். மொழி தடையாயின், வெள்ளைப்படுதலைக் கன்னடத்தில் ‘பிளி முட்டு’ என்பர். அச்சொல்லே மருத்துவருக்குப் போதும். நாணம் காரணமாக நாளைக் கடத்தாதிருப்பதே தாய்மார்கள் தங்களுக்குச் செய்துகொள்ளும் பேருதவியாகும்.