பலகை தொலைந்தால் மவுஸும் குப்பையா?

சின்ன காஞ்சிபுரத்தில் நெய்யும் பட்டுச் சேலையின் பார்டரில் ஒரு அன்னம் வர வேண்டும் என்றால், அது முதலில் கட்டம் போட்ட தாளில்தான் வரும். கட்டக் கணக்கு தப்பினால் அன்னத்தின் கழுத்து கோணிவிடும். இப்போது இந்த வேலை பெரும்பாலும் கணினித் திரைக்கு மாறிவிட்டது. ஆனால் ஒரு காலத்தில் கணினி மவுஸே இப்படிக் கட்டங்களை எண்ணித்தான் ஓடியது தெரியுமா?

கட்டம் எண்ணும் மவுஸ்

1980களில் மவுஸ் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஆப்டிக்கல் மவுஸ், சன் வொர்க்ஸ்டேஷன்களோடு வந்தது. அதற்கென்றே பளபளப்பான உலோகப் பலகை ஒன்று உண்டு. அதில் நெருக்கமான கோடுகள்: நெடுக்கில் ஒரு நிறம், குறுக்கில் வேறு நிறம். மவுஸிலுள்ள சிவப்பு விளக்கு ஒரு நிறத்தைப் பார்க்கும், அகச்சிவப்பு விளக்கு மற்றதைப் பார்க்கும். எத்தனை கோடு தாண்டியது என்பதே கர்சர் நகரும் தூரம்.

பலகை தொலைந்தால் மவுஸ் நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்லை. சாதாரண மேஜையில் எண்ணுவதற்குக் கோடு ஏது?

நாமே அச்சடிக்கலாமா?

முயலலாம். ஆனால் மூன்று விஷயம் முக்கியம்.

ஒன்று, மை. பல இன்க்ஜெட் மைகள் நம் கண்ணுக்குத்தான் கறுப்பு; அகச்சிவப்பு ஒளி அவற்றை ஊடுருவிப் போய்விடும். லேசர் பிரிண்டரின் கறுப்பு டோனரில் பெரும்பாலும் கரி இருப்பதால் அது ஒளியை விழுங்கும்.

இரண்டு, பளபளப்பு. வெறும் தாள் போதாமல் போகலாம். ஓஎச்பி ஷீட்டில் அச்சடித்து, வழவழப்பான உலோகத் தகட்டின் மேல் ஒட்டிப் பாருங்கள்.

மூன்று, இடைவெளி. எல்லா மாடலுக்கும் ஒரே அளவு கிடையாது. அச்சடிக்கும்போது ‘ஃபிட் டு பேஜ்’ இருந்தால் அளவு மாறிவிடும்; 100% வைத்தே அச்சடியுங்கள். இரு நிறப் பலகையைத் திருப்பி வைத்தாலும் மவுஸ் ஒழுங்காக ஓடாது.

உருண்டை தொலைந்தால்?

பால் மவுஸுக்குக் கோலிக்குண்டு சரிப்படாது, வழுக்கும். அசல் உருண்டை பெரும்பாலும் ரப்பர் பூசிய இரும்பு. கனமும் பிடிப்பும் இருந்தால்தான் உள்ளே இருக்கும் இரண்டு உருளைகளும் சுழலும். செத்துப்போன இன்னொரு மவுஸின் உருண்டை, விட்டம் ஒத்துவந்தால், நல்ல மாற்று.

1999-ல் வந்த மைக்ரோசாஃப்ட் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் நொடிக்கு 1,500 படம் எடுத்து நகர்வைக் கண்டுபிடித்தது. கோடும் வேண்டாம், உருண்டையும் வேண்டாம். அதோடு பழைய பலகைகளும் பரணுக்குப் போயின.

உங்கள் வீட்டுப் பரணிலோ ஆபீஸ் ஸ்டோர் ரூமிலோ அப்படி ஒரு பலகை கிடந்தால், எடைக்குப் போடும் முன் பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஸ்கேன் செய்துவிடுங்கள். பலகை இல்லாமல் தவிக்கும் இன்னொருவருக்கு அந்த அளவு போதும்.