ஒட்டுப்போர்வையும் வோட்டுரிமையும்

கைத்தொழிலைப் பற்றி நம்மவரிற் பலர் இரண்டு விதமாகப் பேசக் கேட்டிருக்கிறோம். ஒரு சாரார் அதை ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு என்பர். மற்றொரு சாரார் அதை ஏழைப் பெண்களுக்கு இரக்கப்பட்டுச் செய்யும் தர்மம் என்பர். இரு சாராரும் அதை அரசியலுக்குச் சம்பந்தமில்லாத காரியமாகவே கருதுகின்றனர். இவ்வபிப்பிராயம் எவ்வளவு தவறானது என்பதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் அலபாமா ராஜ்யத்தின் ஒரு மூலையில் 1966-ஆம் வருஷத்தில் நடந்த காரியமே போதிய அத்தாட்சியாகும். கந்தல் துணியையும் ஊசியையும் கொண்டு ஏழைப் பெண்கள் நடத்திய அந்த ஒரு வருஷத்தை இன்று நாம் திரும்பிப் பார்க்க விரும்புகிறோம்.

வில்காக்ஸ் என்பது அலபாமாவின் கரிசற் பூமியிலுள்ள ஒரு ஜில்லா. காம்டன் என்னும் சிற்றூர் அதன் தலைநகர். அவ்வூருக்கு அக்கரையில், அலபாமா நதி வளைந்து மூன்று புறமும் சூழ்ந்திருக்கும் நிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற கிராமம் இருக்கிறது. அடிமைகளின் உழைப்பால் நடந்த பருத்திப் பண்ணை அது. பண்ணை பிற்காலத்தில் பெட்வே என்ற குடும்பத்தார் வசமாயிற்று. அங்கு உழைத்த அடிமைகளின் சந்ததியாரிற் பெரும்பாலோர் இன்றும் அந்த எஜமானரின் பெயரையே தங்கள் குடும்பப் பெயராகத் தாங்கி வருகின்றனர்.

1865-ல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் நிலம் கைமாறவில்லை. நேற்றைய அடிமை மறுநாள் வாரக்குடி ஆனான். விதையும் கடன், உரமும் கடன், வீட்டு உணவும் கடன். விளைச்சல் முடிந்ததும் கணக்குப் பார்ப்பார்கள். கணக்குப் புத்தகமோ கடன் கொடுத்தவர் கையிலேயே இருக்கும். 1932-ல், பருத்தி விலை அடியோடு வீழ்ந்திருந்த காலத்தில், ஜீஸ் பெண்டுக்குக் கடன் கொடுத்து வந்த ஒரு வியாபாரி இறந்து போகவே, அவருடைய குடும்பத்தார் பாக்கியை வசூலிக்கப் புறப்பட்டனர். கலப்பை, கோவேறு கழுதை, மாடு, சேமித்து வைத்திருந்த தானியம் ஆகிய அனைத்தும் வாரிச் செல்லப்பட்டன. அந்தக் குளிர்காலத்தை ஜனங்கள் செஞ்சிலுவைச் சங்கத்தார் அளித்த உணவைக்கொண்டு கழித்தனர்.

அதன் பின்னர் மத்திய சர்க்கார் அப்பண்ணை நிலத்தை வாங்கி, அங்கு உழுது வந்த குடும்பங்களுக்கே நீண்ட காலத் தவணையில் விற்றனர். இது சிறு விஷயமன்று. ஜீஸ் பெண்டில் தன் வீட்டையும் தன் நிலத்தையும் உடைய கறுப்பினக் குடியானவர் பலர் தோன்றினர். ஜில்லாவின் ஏனைய ஊர்களிலோ நிலமும் வீடும் வெள்ளையர் கையிலேயே இருந்தன. இந்த வித்தியாசத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி வோட்டு விஷயத்துக்கு வருவோம். அக்காலத்தில் வில்காக்ஸ் ஜில்லாவின் ஜனத்தொகையில் முக்காற் பங்குக்கு மேற்பட்டவர் கறுப்பின மக்களாயிருந்தனர். ஆயினும் 1965-ஆம் வருஷத் துவக்கத்தில் அந்த ஜில்லாவின் வோட்டர் ஜாபிதாவில் ஒரு கறுப்பரின் பெயர்கூட இருக்கவில்லை. நதியைக் கடந்து காம்டன் செல்வதற்கு ஒரு படகு இருந்தது. கறுப்பு ஜனங்கள் பெயர் பதிவு செய்து கொள்ள அப்படகில் வரத் தொடங்கவே, 1962-ல் அதிகாரிகள் படகையே நிறுத்திவிட்டனர். கண்ணுக்குத் தெரியும் ஊருக்குச் சுமார் 40 மைல் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் ஜீஸ் பெண்டுக்கு வந்து பேசினார். மார்ச் மாதத்தில் அண்டையிலுள்ள செல்மா நகரத்துப் பாலத்தின்மேல், உரிமை கேட்டு நடந்த ஜனங்களைப் போலீஸார் தடியால் அடித்த செய்தி உலகெங்கும் பரவியது. ஆகஸ்டு 6-ஆம் தேதி வோட்டுரிமைச் சட்டம் கையொப்பமாயிற்று. சட்டப் புத்தகத்தைப் பார்த்தவர்கள் போராட்டம் வெற்றி பெற்றுவிட்டதென்றே எண்ணியிருப்பர்.

ஆனால் சட்டம் வோட்டைக் கொடுத்தது, வீட்டைக் கொடுக்கவில்லை. வோட்டர் ஜாபிதாவிற் பெயரைப் பதிந்துகொண்ட வாரக்குடிக்கு நிலச்சொந்தக்காரரிடமிருந்து வந்த பதில், வீட்டைக் காலி செய் என்பதே. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த குடிசைகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. வழக்கமாகக் கிடைத்து வந்த கடனும் மறுக்கப்பட்டது. சொந்த நிலம் வைத்திருந்தவர்கள் நிமிர்ந்து நிற்க முடிந்தது. நிலமற்றவர்களோ உரிமையா, கூரையா என்று குளிர்காலத்தின் வாசலில் நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

இந்தக் கொடுமைகளுக்குச் சாட்சியம் திரட்டும் பொருட்டு, பிரான்சிஸ் வால்டர் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார் 1965 டிசம்பரில் வில்காக்ஸ் ஜில்லாவிற் சுற்றி வந்தார். வழியில் ஒரு குடிசையின் கொடியில் மூன்று ஒட்டுப்போர்வைகள் காயக் கண்டு வண்டியை நிறுத்தினார். முன்பின் அறியாத வெள்ளை மனிதர் ஒருவர் தன் வீட்டை நோக்கி வருவதைக் கண்ட அவ்வீட்டுப் பெண், பயந்து காட்டுக்குள் ஓடிவிட்டாள். அந்த ஜில்லாவின் நிலைமையை விளக்க இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமோ? ஆனால் கொடியிற் கண்ட போர்வைகளைப் பாதிரியார் மறக்கவில்லை. வேறொருவர் துணையுடன் பின்னர் மீண்டும் அங்கு சென்று அவற்றைப் பற்றி விசாரித்தார்.

ஒட்டுப்போர்வை என்று நாம் சொல்வது மூன்று அடுக்குள்ளது. மேலே, துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்த முகப்பு, நடுவே பஞ்சு, அடியிலே முழுத்துணி. மூன்றையும் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஊடுருவிச் செல்லும் சிறு தையல்களால் ஒன்றாக்குவார்கள். வில்காக்ஸ் பெண்களுக்குக் கடைத்துணி ஏது? உழுது நைந்த காற்சட்டை, கிழிந்த சட்டை, மாவுச் சாக்கு, உர மூட்டைத் துணி ஆகியவையே முதற்பொருள். பருத்தி அரவை ஆலையின் தரையிற் சிந்திக் கிடந்த கழிவுப் பஞ்சைக் கூட்டி வந்து, கோலால் அடித்துச் சுத்தம் செய்து நடுவே பரப்புவர். சந்துகளின் வழியே குளிர்காற்றுப் புகும் பலகைக் குடிசையில் குழந்தைகள் உறங்குவதற்குச் செய்த பொருள் அது.

எனினும் தேவை ஒன்றே அப்பெண்களின் கையை நடத்தவில்லை. சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த ஒரு மாதிரிக்கு அவர்கள் ‘வீட்டுக் கூரை’ என்று பெயர் வைத்திருந்தனர். நீண்ட பட்டைகளை மட்டும் இணைத்த மற்றொன்றுக்குச் ‘சோம்பேறிப் பெண்’ என்று பெயர். ஒரே மாதிரியைப் பத்துப் பேர் எடுத்தால் பத்து விதமாக முடிப்பார்கள். முகப்பை இணைப்பது அவரவர் வீட்டில் அவரவர் மனம்போல் நடக்கும். சட்டத்தில் கட்டித் தைப்பது அண்டை வீட்டார் பலர் கூடிப் பாடிக்கொண்டு செய்யும் வேலை. இப்படிக் கூடி ஒருவர் வேலையைப் பலர் முடித்துத் தருவதை அமெரிக்கக் கிராமத்தார் ‘பீ’ என்பர். தேனீக்கும் அதே பெயர்தான்.

பாதிரியார் ஒரு போர்வைக்கு 10 டாலர் வீதம் கொடுத்துச் சுமார் 70 போர்வைகளைச் சேகரித்தார். ரொக்கப் பணத்தைக் கண்ணாற் காண்பதே அரிதாயிருந்த வீடுகளில் 10 டாலர் பெருந்தொகை. அவற்றை நியூயார்க்கில் ஏலம் போடுவதென்றும், வரும் பணம் தைத்தவர்களுக்கே சேர வேண்டுமென்றும் ஏற்பாடு. தர்மத்துக்கு உதவும் நல்லெண்ணத்தோடு இக்காரியம் முடிந்திருந்தால் நாம் இதைப்பற்றி எழுதியிருக்க மாட்டோம். நடந்தது வேறு.

1966 மார்ச் 26-ஆம் தேதி, காம்டனிலுள்ள அந்தியோகியா பாப்டிஸ்டு சர்ச்சில் 60-க்கு மேற்பட்ட பெண்கள் கூடினர். தங்கள் போர்வையைப் பிறர் விற்றுக் கொடுக்கட்டும் என்று காத்திராமல், தாங்களே ஒரு கூட்டுறவுச் சங்கத்தை ஸ்தாபித்தனர். ‘பிரீடம் குவில்ட்டிங் பீ’ என்று அதற்குப் பெயரிட்டனர். சுதந்திரம் என்ற சொல்லைத் தங்கள் சங்கத்தின் தலையில் வைத்துக்கொள்ள அந்த ஜில்லாவில் அக்காலத்தில் எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. மறுநாளே நியூயார்க்கில் முதல் ஏலம் நடந்தது. மே மாதத்தில் இரண்டாவது ஏலமும் நடந்தது. பெருநகரத்து வீட்டலங்கார நிபுணர்களும் பத்திரிகைகளும் இப்போர்வைகளின்பால் கவனம் செலுத்தத் தொடங்கினர்.

அந்த வருஷத்தின் கணக்கை இப்பொழுது பார்ப்போம். அரசியல் வரவு மிகச் சிறிது. வோட்டுப் பெற்ற உடனே ஜில்லா நிர்வாகம் ஜனங்கள் கைக்கு வந்துவிடவில்லை. பெரும்பான்மையினரான கறுப்பு ஜனங்கள் தங்களில் ஒருவரான பிரின்ஸ் அர்னால்டை ஷெரீப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தது 1978-ல்தான். நிறுத்தப்பட்ட படகு மீண்டும் ஓடியது 2006-ல். சட்டம் வந்த பிறகு இத்தனை காலம் ஜனங்கள் உயிர் வாழவும் உறுதி குலையாமல் இருக்கவும் வேண்டியிருந்தது. கூட்டங்களும் தீர்மானங்களும் மட்டும் அதற்குப் போதா. நிலச்சொந்தக்காரரின் தயவில்லாமல் வீட்டுக்கு வரும் சிறு வருமானமும் வேண்டும். ஊசி அதைத் தந்தது.

அவ்வருமானம் பெரியது என்று நாம் மிகைப்படுத்த மாட்டோம். போர்வை தைத்து எவரும் தனவந்தராகவில்லை. ஆனால் அப்பணம் நிலச்சொந்தக்காரரின் பேரேட்டின் வழியாக வரவில்லை. தங்கள் சங்கத்தின் கணக்கு வழியாக, பெண்களின் கைக்கே வந்தது. யாருக்கு எவ்வளவு என்பதைக் கணக்குப் பார்த்தவர்களும் அவர்களே. எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற அம்மையார் அச்சங்கத்தைப் பல்லாண்டுகள் மேலாளராக இருந்து நடத்தினார். 1967-ல் தென்னாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் சம்மேளனம் அமைந்தபோது, அதன் ஸ்தாபக அங்கத்தினருள் இச்சங்கமும் ஒன்று. பின்னர் 23 ஏக்கர் நிலத்தை வாங்கி, அதில் கிங் பெயரால் ஒரு தையற்சாலையை 1969-ல் எழுப்பினர். வோட்டுக்காக வீடிழந்த சில குடும்பங்களுக்கு அந்நிலத்திலேயே மனைகளும் விற்றனர். உரிமை கேட்டதற்காகத் தெருவில் விடப்பட்டவன் மீண்டும் காலூன்ற ஓர் இடத்தைப் பெண்களின் ஊசி சம்பாதித்துக் கொடுத்தது!

இதன் மறுபக்கத்தையும் மறைப்பது நியாயமாகாது. வியாபாரம் வந்ததும் வியாபாரியின் கட்டளையும் வந்தது. பெரிய கடைகள், ஒரே அளவு, ஒரே மாதிரி, ஒரே நிறம் வேண்டுமென்றன. மனம்போல் துணியை இணைத்த கைகள் மாதிரியைப் பார்த்துத் தைக்க வேண்டியதாயிற்று. 1972-ல் சீயர்ஸ் கம்பெனிக்குத் தலையணை உறைகள் தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதனால் நிலையான கூலி கிடைத்தது. கலைக்கு அதில் இடம் குறைவு. விசித்திரம் யாதெனில், 2002-ல் ஹூஸ்டன் நகரப் பொருட்காட்சிசாலையிலும் பின்னர் நியூயார்க்கிலும் ஜீஸ் பெண்ட் போர்வைகளைச் சுவரில் மாட்டி அறிஞர்கள் கொண்டாடியபோது, அவர்கள் வியந்தது கடைக்காகத் தைத்தவற்றையன்று. வீட்டுக்காக, கந்தலைக்கொண்டு, மனம்போல் தைத்தவற்றையே. 2006-ல் அவை தபால் முத்திரைகளிலும் இடம் பெற்றன. கூட்டுறவுச் சங்கமோ ஆர்டர்கள் குறைந்து, மூத்தவர்கள் மறைந்து, 2012-ல் மூடப்பட்டது.

இதைக்கொண்டு அம்முயற்சி தோற்றதென்று சிலர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு சங்கம் என்றும் நிலைத்திருப்பதால் மட்டும் அதன் பெருமை அமைவதில்லை. எந்தச் சமயத்தில் எந்தச் சுமையைத் தாங்கியது என்பதையே பார்க்க வேண்டும். கூரையா, உரிமையா என்ற கேள்வி எழுந்த வருஷத்தில், இரண்டும் வேண்டும் என்று சொல்லும் வலிமையை அது ஒரு சிறு அளவிலேனும் தந்தது. கலையை விட்டுக் கூலியைத் தேடியதற்காக அப்பெண்களைக் குறை கூறும் உரிமை, பசியை அறியாத ரசிகருக்கு இல்லை.

பொதுக்காரியத்தில் ஈடுபட்டிருக்கும் அன்பர்களுக்கு இவ்வரலாறு ஒரு பாடத்தைச் சொல்லுகிறது. ஏழையை உரிமைக்காக எழுந்து நிற்கச் சொல்பவர், மறுநாட் காலை அவன் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதையும் யோசிக்கக் கடமைப்பட்டவர். அந்த யோசனை பெரும்பாலும் மேடையிற் பேசும் ஆடவருக்குத் தோன்றுவதில்லை. அடுப்பண்டை நிற்கும் பெண்களுக்கே தோன்றுகிறது. கைத்தொழிலை வளர்க்க முற்படுவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொருள் அழகாயிருக்கிறதா, நகரத்தில் விலை போகுமா என்று கேட்பதற்கு முன், கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்று கேட்கட்டும். அது உழைப்பவர் கையில் இராவிட்டால், எவ்வளவு அழகிய போர்வையும் பழைய வாரக்கணக்கின் மறு உருவமே. அது உழைப்பவர் கையில் இருக்குமாயின், மாவுச் சாக்கைக் கிழித்துத் தைத்த கந்தையும் ஒரு ஜனத்தின் மானத்தைக் காக்கும்.