நிற்கும் இடமும் செல்லும் நிலமும்

கலிபோர்னியாவின் கிழக்கெல்லையை ஒட்டி, டெத் வேலி என்னும் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று கிடக்கிறது. அதன் உப்புத் தரையிலுள்ள பேட்வாட்டர் சமுத்திர மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்க, அங்கே நின்று மேற்கே நோக்குவோர் கண்ணெதிரில் டெலஸ்கோப் சிகரம் 3,300 மீட்டருக்கும் மேலாக எழுந்து நிற்கிறது. 1913-ஆம் ஆண்டு ஜூலையில் இங்குள்ள ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸே பூமியின் உச்ச உஷ்ணமாக இன்றளவும் ஏட்டில் இருக்கிறது. இத்தகைய பிரதேசத்தில், தார்ச் சாலையை விட்டிறங்கி, சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் போட்டு, பிறகு கைவிட்டுப் போன மண் தடங்களில் ஜீப்பைச் செலுத்தவேண்டும் என்ற ஆவலுடன் வருவோர் அநேகர்.

அவர்களிற் சிலர் திரும்பவில்லை. 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு தாயும் அவருடைய சிறு மகனும் சென்ற வண்டி ஆளரவமற்ற இடத்தில் மணலில் புதைந்துவிட, உதவி வந்து சேருமுன் அச்சிறுவன் தாகத்தாலும் வெயிலாலும் உயிர் துறந்தான். இவ்வகை விபத்துகளை அங்குள்ள தேசியப் பூங்காக் காவலர்கள் 'ஜி.பி.எஸ். மரணம்' என்றே அழைக்கத் தொடங்கினார்கள். பல்லாண்டுகளுக்கு முன்பே மூடப்பட்ட தடங்களையும் நடமாட்டமுள்ள சாலைகளைப் போலவே சில ஜி.பி.எஸ். கருவிகள் காட்டிவந்தன. அவற்றை நீக்கும்படி பூங்காவினர் கருவி செய்வோரிடம் முறையிட நேர்ந்தது.

இங்கே அடிப்படையான ஒரு வேற்றுமையை நாம் உணரவேண்டும். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஆறு சுற்றுத்தளங்களில், நாளொன்றுக்கு இருமுறை பூமியை வலம்வரும் செயற்கைக்கோள்கள், தத்தம் அணுக் கடிகாரங்கள் காட்டும் நேரத்தை ஓயாமல் ஒலிபரப்புகின்றன. அச்செய்திகள் வந்துசேரப் பிடித்த காலத்தைக் கொண்டு, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் தூரத்தைக் கணக்கிட்டு, அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றையும் கருவி நிர்ணயிக்கிறது. நான்காவது செயற்கைக்கோள் எதற்கென்றால், கருவியிலுள்ள சாதாரணக் கடிகாரத்தின் பிழையைத் திருத்துவதற்கு. ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் தவறிவிடும். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில், பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கிய பின், திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியம் எவருக்கும் சாத்தியமாயிற்று. மகத்தான சாதனை இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வானத்திலிருந்து வருவது நாம் நிற்கும் இடம் பற்றிய அறிவு மட்டுமே. திரையில் தெரியும் சாலையோ, யாரோ எப்போதோ தொகுத்த விவரத்திலிருந்து வருவது. கைபேசி எட்டாத அப்பள்ளத்தாக்கில், முன்கூட்டியே வரைபடத்தை இறக்கி வைக்காதவருக்குத் திரையில் மிஞ்சுவது வெற்றுப் பரப்பில் ஒரு நீலப் புள்ளிதான். டைட்டஸ் கான்யனின் இறுதிப் பகுதியைப் போல இருபது அடிக்கும் குறைவாக ஒடுங்கும் மலையிடுக்குகளிலே, ஆகாயத்தைச் சுவர்கள் மறைத்துவிடுவதாலும், சமிக்ஞை பாறையில் மோதித் தெறித்து வருவதாலும், அப்புள்ளியும் தடுமாறக்கூடும்.

செல்லும் நிலத்தைப் பற்றிய அறிவை நிலத்தோற்றப் படம் தருகிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் 1:24,000 அளவுப் படங்களில் பழுப்பு நிறத்தில் நெளியும் சமஉயரக் கோடுகளே அதன் உயிர். அவற்றின் தத்துவத்தை விளக்க டெத் வேலியிலேயே இயற்கை ஓர் உதாரணம் அமைத்திருக்கிறது. பனியுகத்தில் இப்பள்ளத்தாக்கை நிரப்பியிருந்த மான்லி ஏரி சிறிது சிறிதாக வற்றியபோது, நீர் தங்கிநின்ற மட்டங்களிலெல்லாம் அலைகள் அரித்த கரைவிளிம்புகள், ஷோர்லைன் பியூட் என்னும் குன்றின் சரிவில் இன்றும் படுக்கைக் கோடுகளாகத் தெரிகின்றன. ஒரே கோட்டின்மேல் நடப்பவன் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. காகிதத்தில் இக்கோடுகள், பெரும்பாலும் நாற்பதடிக்கு ஒன்றாக, நெருங்கி வந்தால் செங்குத்து. விலகிக் கிடந்தால் சமவெளி. வளைந்து கூர்மையுறும் இடம் மேட்டுப் பக்கம் நோக்கினால் அது ஓடை. பள்ளத்தின் பக்கம் நோக்கினால் மலைமுதுகு. மூன்று மைல் தடத்தின் மீது எத்தனை கோடுகள் குறுக்கிடுகின்றன என்று எண்ணிப் பார்த்தாலே, வண்டி எந்தக் கியரில் ஏறவேண்டியிருக்கும், எங்கே ஓடை மணலில் இறங்கவேண்டியிருக்கும் என்பதை வீட்டு மேசையிலிருந்தே ஒருவாறு அனுமானித்துவிடலாம். எனக்கு இது ஓர் அபூர்வமான வித்தையாகவே தோன்றுகிறது. பள்ளிப் பிள்ளைகள் தேர்வுக்காகப் படித்து மறந்துவிடுவதை எண்ணி வருந்துகிறேன்.

படமும் மூப்படைவதுதான். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின் எச்சம் ஒரே நாளில் 2.2 அங்குலம், அதாவது ஏறத்தாழ ஓராண்டுக்குரிய மழையைக் கொட்டிப் பல தடங்களை அழித்துச் சென்றது. ஆகவே, புறப்படும் தினத்தில் பூங்கா அலுவலகத்தில் பாதை நிலவரத்தை விசாரித்தே ஆகவேண்டும். மற்றொரு நுட்பமும் உண்டு. பழைய அமெரிக்கப் படங்கள், அட்சரேகை தீர்க்கரேகை எண்களை அளப்பதற்கென 1927-இல் வகுத்த ஆதாரத்தைக் கொண்டவை, ஜி.பி.எஸ். கருவியோ வழக்கமாக 1984-ஆம் ஆண்டின் ஆதாரத்தைப் பின்பற்றுவது. இரண்டையும் ஒத்திசைக்காமல் எண்களை மாற்றிக் குறித்தால், பல பத்து மீட்டர் முதல் இருநூறு மீட்டர் வரை இடம் பிசகி, அடுத்த ஓடையில் நிற்பதாக நினைக்க நேரிடும்.

அனுபவசாலிகள் முந்தின இரவே படத்தை விரித்து, சந்திப்புகள், ஏற்றங்கள், ஓடைக் கடவுகள் ஆகியவற்றின் எண்களைக் கருவியில் பதித்துக்கொள்கிறார்கள். தடம் தவறாதிருக்கவும் இது உதவுகிறது; ஏனெனில் பூங்காவில் தடத்தை விட்டு விலகி ஓட்டுவதற்குத் தடை உண்டு. அந்தத் தரையில் பதிந்த சக்கரச் சுவடு ஆண்டுக்கணக்கில் மறையாது. பயணத்தின்போது ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டியை நிறுத்தி, கருவி கூறும் இடத்தைப் படத்தில் கண்டு, அங்கே தெரியும் மலைமுதுகும் ஓடையும் உண்மையிலேயே எதிரில் இருக்கின்றனவா என்று சரிபார்க்கிறார்கள். பொருந்தாவிடில், இரு கோட்டுக் கூட்டங்களுக்கிடையே தடம் ஒடுங்கும் பகுதியில் நுழையுமுன், வண்டியைத் திருப்புவதற்கு அகலமிருக்கும் கடைசி இடத்திலிருந்தே, வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள்.