தொடக்கப்பள்ளி அறிவியலும் இணையத் தமிழும்

சிறார்க்கு அறிவியல் கற்பித்தற்குரிய துணைப்பொருள்கள் இன்று இணையத்தில் மிகப் பல உள. காணொளிகள், அசையும் படங்கள், படக்கதைகள், பாடநூற்படிகள், திரையிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனைகள் என அவை பலவகைப்படும். அவற்றின் நலந்தீங்குகளை ஆய்தல் கல்வியியலார்க்குரிய பணி என்றும், தமிழிலக்கியம் கற்பாரும் கற்பிப்பாரும் அதன்கண் தலையிடுதற்கு இடமில்லை என்றும் கருதுவார் உளர். யாம் அக்கருத்துக்கு உடன்படுவதற்கில்லை. தமிழ்ப் பிள்ளைகளை எட்டும் துணைப்பொருள்கள் தமிழில் ஆக்கப்பெற்றனவாகவோ தமிழிற் பெயர்க்கப்பெற்றனவாகவோ உள்ளன. ஒன்பது வயதுப் பிள்ளை அவற்றினின்று பெறுவது அறிவியல் மட்டும் அன்று. அறிவியலைப் பேசும் ஒரு தமிழையும் உடன் பெறுகிறது. அத்தமிழ் எத்தகையது என்பதே ஈண்டு யாம் ஆராய எடுத்துக்கொண்டது.

முதற்கண் இப்பொருள்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சுருங்கக் காண்போம். தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பெற்றன. கைப்பேசியை அக்குறியீட்டின்மேற் காட்டினால், நடுவணரசு 2017இல் தொடங்கிய தீக்ஷா தளத்தினின்று அப்பாடத்துக்குரிய காணொளி திறக்கும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. அதன் பாடங்களும் இணையத்திற் கிடைக்கின்றன. இலங்கைக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மும்மொழியிலும் பாடங்களைத் தருகிறது. மலேசியாவில் 500க்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் உள. அவற்றின் ஆசிரியர் பலர் தாம் ஆக்கிய அறிவியற் காணொளிகளை இணையத்தில் ஏற்றியுள்ளனர். அச்சிட்ட பாடநூல் தன் நாட்டெல்லையைக் கடத்தல் அரிது. காணொளிக்கோ அத்தகைய எல்லை இல்லை. மதுரைப் பிள்ளை யாழ்ப்பாணத்து ஆசிரியரின் விளக்கத்தைக் கேட்கிறது. ஈப்போப் பிள்ளை சென்னைப் பாடத்தைப் பார்க்கிறது. தனித்தனியே வளர்ந்த மூன்று பள்ளித் தமிழ்கள் ஒரு சிறுபிள்ளையின் திரையில் வந்து கூடுகின்றன. இக்கூட்டம் முன்னை நாளில் நிகழாதது.

கூடியவிடத்து நேர்வது யாது? முந்தைய தலைமுறையினர் பிராணவாயு என்று கற்றதனைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ஆக்சிஜன் என்கிறது. இலங்கைப் பாடநூல் கிரந்தவெழுத்தை விலக்கி ஒட்சிசன் என்கிறது. மலேசியப் பாடநூல் உயிர்வளி என்கிறது. தமிழ்நாட்டில் ஒளிச்சேர்க்கை எனப்படுவது இலங்கையில் ஒளித்தொகுப்பு. இங்கே ஆற்றல், அங்கே சக்தி. உயிர்களின் உடலாக்கத்துக்கு அடிப்படையான நுண்ணறை தமிழ்நாட்டிற் செல், இலங்கையிற் கலம், தமிழ் விக்கிப்பீடியாவில் உயிரணு. பாடத்தின் பெயரே அறிவியல் என்றும் விஞ்ஞானம் என்றும் இருதிறப்படுகிறது.

இது கண்டு அஞ்சுவார் பலர். யாம் அவ்வளவு அஞ்சவில்லை. தொல்காப்பியர் எச்சவியலில் திரிசொல்லை இருவகையாகப் பகுத்தமையை இவ்விடத்து நினைதல் தகும். பல சொற்கள் ஒரு பொருளைக் குறித்தல் ஒருவகை. ஒரு சொல் பல பொருளைக் குறித்தல் மற்றொருவகை. அப்பாகுபாடு செய்யுட்சொல் பற்றியதேயாயினும், இக்காலக் கலைச்சொற் குழப்பத்தை ஆராய்தற்கு அதனினும் கூரிய கருவி கிடைத்தல் அரிது. மேலே காட்டிய ஆக்சிஜன் முதலியன யாவும் முதல்வகை. சோறு என்பதும் சாதம் என்பதும் ஒன்றே என்பதையும், அப்பளமும் பப்படமும் வேறல்ல என்பதையும் எப்பிள்ளையும் எளிதில் அறிந்துகொள்கிறது. ஒட்சிசனும் அவ்வாறே. ஒருமுறை எடுத்துக் கூறினால் அமையும். தானே உய்த்துணரும் பிள்ளைகளும் உளர்.

இடர் உள்ளது இரண்டாம் வகையில். நிறை என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு வழக்கில் நிறை என்பது ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. எடை என்பது அப்பொருளைப் புவி ஈர்க்கும் விசை. இலங்கை வழக்கில் முன்னதற்குத் திணிவு என்று பெயர். பின்னதற்கே நிறை என்று பெயர். ஆகவே, நிலவுக்குச் சென்றால் நம் நிறை மாறாது என்று ஒரு காணொளி கூறும்; நிலவில் நம் நிறை ஆறில் ஒரு பங்காகக் குறையும் என்று மற்றொன்று கூறும். இரண்டும் மெய், தத்தம் நாட்டுப் பாடநூற்படி இரண்டும் பிழையற்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட பிள்ளையோ ஒன்றனைப் பொய்யென்று தள்ளும். அல்லது அறிவியல் தன்னைத்தானே மறுத்துரைக்கும் ஒன்றெனக் கொள்ளும். ஒலி வேறுபட்டிருப்பின் ஐயம் எழும், வினா எழும். ஒலி ஒன்றாயிருத்தலின் ஐயம் எழுதற்கே வழியில்லை. வேகம் என்பதும் இத்தகையதே: தமிழ்நாட்டில் அது திசை கருதாதது, திசையும் உடன் கருதின் திசைவேகம்; இலங்கையில் திசை கருதாதது கதி, வேகமென்பது திசையொடு கூடியது.

இவ்விரண்டனுள் எவ்வழக்குச் சிறந்தது என்னும் வழக்காடலில் யாம் புகவில்லை. ஒன்று மட்டும் குறிப்போம். துலாக்கோலுக்கு நிறைகோல் என்பது பழம்பெயர். நிறுத்தலாகிய பாரத்தையே அச்சொல் உணர்த்திற்று என்று இலங்கையார் அதனைத் தமக்குச் சான்றாக்கலாம். இருதட்டுக் கோல் நிலவிலும் இங்குக் காட்டியதையே காட்டும், ஆதலின் அது அளப்பது பருப்பொருளின் அளவே என்று தமிழ்நாட்டாரும் அதனையே தமக்குச் சான்றாக்கலாம். பழஞ்சொல் இருதிறத்தார்க்கும் இடங்கொடுத்து நிற்கிறது.

நிறையும் திணிவும் தொடக்கப்பள்ளிக்குரிய பாடங்கள் அல்லவே என்று தடை நிகழ்த்தலாம். இலங்கையில் முதல் ஐந்து வகுப்புகளில் விஞ்ஞானம் தனிப்பாடமாகவே இல்லை; சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்னும் பாடத்துள் அது அடங்கும். ஆயினும், பாடநூலில் வகுப்புக்கு வகுப்பு வேலி உண்டு, இணையத்தில் இல்லை. நான்காம் வகுப்புப் பிள்ளை நிலவைப் பற்றி ஒரு காணொளியைத் தேடினால், எட்டாம் வகுப்புக்குரியதே முதலில் வந்து நிற்றலும் கூடும்.

இனி, சொல்லைப் பொருளுக்கு முன்னே நிறுத்தும் வழக்கம் பற்றி விரிவாகக் கூறுதல் வேண்டும். இணையத்துள்ள சிறார் அறிவியற் பாடங்கள் பலவற்றில் யாம் கண்ட குறை இதுவே. நீர் வளிநிலைக்கு மாறும் நிகழ்வு ஆவியாதல் எனப்படும் என்பது போன்ற ஒரு வரையறையோடு பாடம் தொடங்குகிறது. எடுத்துக்காட்டு அதன்பின் வருகிறது. தமிழ்ப் பிள்ளைக்கு இம்முறை பொருந்தாது என்பதற்குத் தமிழே சான்று. கொடியில் இட்ட துணி காய்கிறது. கோடையிற் குளம் வற்றுகிறது. அடுப்பிற் குழம்பு சுண்டுகிறது. மெழுகிய தரை உலர்கிறது. இந்நான்கு வினைகளையும் பள்ளிக்கு வருமுன்னரே பிள்ளை அறியும். ஒன்றனை மற்றொன்றன் இடத்தில் வைத்துப் பேசாது. குழம்பு காய்ந்தது என்பதும் குழம்பு சுண்டியது என்பதும் வேறு வேறு என்பதை அதற்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. இத்துணை நுட்பமாகப் பகுத்துப் பேசும் மொழியிற் பிறந்த பிள்ளைக்கு ஆவியாதல் என்னும் சொல் செய்வது யாது? நான்காகத் தோன்றியவை அனைத்திலும் நீர் காற்றோடு கலந்து போதலாகிய நிகழ்வு ஒன்றே என்று அது காட்டுகிறது. அறிவியல் தொடங்குவது அவ்வொருமையைக் கண்ட இடத்தில். ஆகவே நான்கு வினைகளையும் முன்வைத்து, அந்நீர் எங்கே போயிற்று என்று வினவி, இறுதியிற் கலைச்சொல்லைத் தரும் பாடமே தமிழ்ப் பாடம் ஆகும். வரையறையை முதலில் வைப்பின், பிள்ளை தன் வீட்டுச் சொற்கள் நான்கும் அறிவியலுக்குப் புறம்பானவை என எண்ணி ஐந்தாவதொரு சொல்லை மனப்பாடம் செய்யும். தேர்வில் அது மதிப்பெண் பெறலாம். குளம் வற்றுவதைக் காணும்போது அச்சொல் நினைவுக்கு வாராது.

பொருளை முன்னிறுத்துவதில் வழிகாட்டத் தக்கவர் அரவிந்த் குப்தா. 1970களில் மத்தியப் பிரதேசத்து ஓசங்காபாத் அறிவியற் கல்வித் திட்டத்திற் பங்குகொண்ட இவர், தீக்குச்சியும் சைக்கிள் வால்டியூபும் கொண்டு வடிவங்கள் ஆக்கும் முறையைப் பரப்பினார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வீணாய்ப்போன பொருள்களால் ஆகும் அறிவியல் விளையாட்டுக் கருவிகளைச் செய்துகாட்டும் இவருடைய குறும்படங்கள், தமிழ் உள்ளிட்ட பல மொழிகளிற் குரல் சேர்க்கப்பெற்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மின்கலம், இரண்டு ஊக்குகள், ஒரு காந்தம், பூச்சுள்ள செப்புக்கம்பியாற் சுற்றிய சுருள் ஆகியவற்றால் மின்னோடி செய்யும் முறையை நோக்குக. கம்பிமுனையின் பூச்சை முழுதும் சுரண்டாது ஒருபுறம் விட்டுவைத்தலே சுருள் தொடர்ந்து சுழலுதற்குக் காரணம். இதனைச் சொல்லால் விளக்கப் புகின் ஒரு பக்கம் வேண்டும்; கை செய்துகாட்ட ஒரு நொடி போதும். சுற்று, சுரண்டு, மாட்டு என்னும் ஏவல்வினைகளே பெரும்பாலும் அமையும். பேச்சுக் குறைந்தவிடத்து மொழிபெயர்ப்பின் பிழையும் குறைகிறது என்பது யாம் கண்டது.

வேறுவகைச் சிக்கலுக்கு உரியவை கொலராடோப் பல்கலைக்கழகத்தின் பெட் உருவகச் சோதனைகள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய அத்திட்டத்தின் சோதனைகள் சிலவற்றைத் தன்னார்வலர் தமிழிற் பெயர்த்துள்ளனர். மின்சுற்று அமைக்கும் சோதனையிற் கம்பியைப் பிழைபடப் பொருத்தினால் மின்கலம் திரையில் தீப்பற்றும். வகுப்பறையில் நிகழக்கூடாததைத் தீங்கின்றிக் காணத் திரை உதவுகிறது. ஒருமுறை இறக்கிவைத்துக்கொண்டால் இணைப்பு இல்லாத சிற்றூர்ப் பள்ளியிலும் பயன்படும். ஆயின், பெயர்ப்பார்க்குக் கிடைப்பது ஒரு பொத்தானின் மேலுள்ள சிற்றிடம். விளக்கவுரைக்கோ மாற்றுச் சொல்லுக்கோ அங்கு இடமில்லை. ஏதேனும் ஒரு நாட்டு வழக்கை எடுத்தேயாக வேண்டும். நிறை என்று அவர் எழுதினால், எந்த நாட்டு நிறை என்பதைப் பிள்ளை எவ்வாறு அறியும்?

தொடரமைப்பைப் பற்றியும் ஒரு சொல். இலைகளால் உணவு தயாரிக்கப்படுகிறது என்று செயப்பாட்டுவினையை அடுக்கிச் செல்லும் நடை ஆங்கில மூலத்தின் நிழல். இலை வெயிலில் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது என்பது தமிழ். பின்னதில் அறிவியல் எட்டுணையும் குறையவில்லை. ஆக்கிக்கொள்ளுதல் என்னும் வினை, தனக்காகத் தானே செய்தல் என்னும் பொருளையும் உடன் தருகிறது.

இத்தகைய நடைக்கு முன்மாதிரி நம்மிடம் இல்லாமற் போகவில்லை. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திற் படிக்கக் கிடைக்கிறது. அதன் செய்திகள் பல பழமைப்பட்டன. 2006இல் கோள் வரிசையினின்று நீக்கப்பெற்ற புளூட்டோ அந்நாளிற் கோளேயன்றோ! ஆகவே அதனைப் பிள்ளைகையில் அப்படியே கொடுத்தல் ஆகாது. பிள்ளைக்கு எழுதுவோர் கையில் கொடுத்தல் வேண்டும்.

1916இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் தொடங்கிய கலைச்சொல் முயற்சிக்கு நூறாண்டு கடந்துவிட்டது. அதன்பின் ஆங்கிலச் சொல்லுக்கு நேர்தமிழ் காட்டும் பட்டியல்கள் பல வந்தன. தமிழுக்குத் தமிழ் காட்டும் பட்டியலே, அதிலும் சிறார் பாடத்துக்குரியதே, இன்று வேண்டப்படுவது. அதற்குரிய மூலங்கள் கைக்கெட்டும் தொலைவில் உள. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டில் முடிக்கத்தக்க பணி இது. அவர் முதலிற் தொகுக்க வேண்டுவன ஒலி ஒன்றாகிப் பொருள் வேறுபடும் சொற்கள். ஆக்சிஜன், ஒட்சிசன் போல்வன பிற்பட்டு வரலாம். நிறை என்னும் பதிவில் தமிழ்நாட்டுப் பொருளும் இலங்கைப் பொருளும் அருகருகே நிற்றல் வேண்டும். எடை, திணிவு என்னும் சொற்களுக்கு அங்கிருந்தே வழிகாட்டல் வேண்டும். நிலவைப் பற்றிய அவ்விரு தொடர்களையும் எடுத்துக்காட்டாகத் தந்து, இரண்டும் மெய்யாதல் எவ்வாறு என்பதை ஒரு பத்து வயதுப் பிள்ளை படித்தறியும் வண்ணம் நான்கு வரிகளில் எழுதுதல் வேண்டும். ஆவியாதல் என்னும் பதிவிலோ காய்தல், வற்றல், சுண்டல், உலர்தல் ஆகிய நான்கும் தலைச்சொல்லுக்கு முன்னரே இடம்பெறுதல் வேண்டும்.