பச்சை அட்டை மாப்பிள்ளை!

தம்பி,

தளவாய்புரத்திலே தையல் மெஷின் முன் குனிந்த தலை நிமிராமல் நைட்டி தைத்து, மகளைப் பட்டதாரியாக்கிவிட்டார் ஒரு தந்தை. வரன் வருகிறது. "மாப்பிள்ளை அமெரிக்காவில்! பச்சை அட்டைக்காரர்!" என்கிறார் தரகர். வீடு பூரிக்கிறது, செட்டியார்பட்டி வரை செய்தி பறக்கிறது. ஜாதகம் பார்க்கிறார்கள், நகை பேசுகிறார்கள், மண்டபம் பிடிக்கிறார்கள். "எங்கள் பெண் என்றைக்கு அங்கே போய்ச் சேருவாள்?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்க எவருக்கும் நாக்கு எழவில்லை!

கேட்டிருக்க வேண்டும், தம்பி. பச்சை அட்டை என்பது நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை, குடியுரிமை அன்று. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை, தாலி கட்டிய பெண் காத்திருந்து அளக்க வேண்டியிருக்கிறது. குடிமகனின் மனைவிக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு இல்லை. பச்சை அட்டைக்காரரின் மனைவிக்கோ வரம்பு உண்டு: மனைவியரும் மணமாகாத சிறு பிள்ளைகளும் சேர்ந்து, உலகம் முழுமைக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 88,000 இடங்கள். 2019 இடையிலிருந்து 2023 தொடக்கம் வரை அந்த வரிசை காத்திருப்பின்றி நகர்ந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் நீண்டுவிட்டது. அமெரிக்க வெளியுறவுத்துறை மாதந்தோறும் வெளியிடும் விசா அறிக்கையே அதற்குப் பஞ்சாங்கம்!

வழி என்ன? சொல்கிறேன், கேள்.

முதல் வழி: மணமானதும் கணவர் மனு போட்டு, வரிசையில் இடம் பிடிப்பது. மனு சேர்ந்த நாளே வரிசை எண். ஒரு மாதம் தாமதித்தால் ஒரு மாதம் பின்தங்குவாள் பெண்.

இரண்டாவது: அவர் குடிமகனாவது. பச்சை அட்டை பெற்று, பொதுவாக 5 ஆண்டுகள் நிறைந்தால் விண்ணப்பிக்கலாம். ஆகிவிட்டால், முன்பு போட்ட மனுவே வரம்பில்லாத பிரிவுக்கு மாறும். எனவே மாப்பிள்ளையிடம் சம்பளத்தைக் கேட்குமுன், அட்டையில் அச்சிட்டிருக்கும் 'எந்நாள் முதல் குடியிருப்பவர்' என்ற தேதியைக் கேள்!

மூன்றாவது, பலரும் அறியாதது: வேலை வழியாகப் பச்சை அட்டைக்குக் காத்திருப்பவரானால், அந்த உரிமை வழங்கப்படும் நாளுக்கு முன்பே மணம் முடிந்திருக்கட்டும். அப்போது மனைவி அவரைத் தொடர்ந்து செல்பவளாகக் கருதப்படுவாள். தனி வரிசை இல்லை. ஒரு நாள் முந்தினால் ஒரு சட்டம், ஒரு நாள் பிந்தினால் வேறு சட்டம்!

நான்காவது: பெண் தன் படிப்பின் பலத்தால் எச்1பி வேலை விசா பெற்றுச் செல்வது. கடினம்தான், ஆயினும் சொந்தக் கால்.

"சுற்றுலா விசாவில் அனுப்பிவிடுவோமே" என்பார் தரகர். வேண்டாம். தங்கப் போவதை மறைத்துப் பொய் சொன்னது வெளிப்பட்டால், வாழ்நாள் தடையே வரக்கூடும்.

எல்லா நாடும் இப்படியா? இல்லை. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நிரந்தரக் குடியிருப்பாளரும் குடிமகனைப் போலவே மனைவிக்காக மனு போடலாம். பிரிட்டனோ வருமானத்தை அளக்கிறது. 2024 ஏப்ரலில் அந்த அளவை ஆண்டுக்கு 29,000 பவுண்டாக உயர்த்தியது. பணக்காரன் மனைவியோடு வாழலாம். பாட்டாளி படத்தைப் பார்த்து வாழவேண்டுமாம்! 

பழங்கதையையும் அறிந்துகொள். 1917 சட்டம் ஆசியருக்குக் கதவடைத்தபோது, கலிபோர்னியாவில் வயலில் உழைத்த பஞ்சாபியர் ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர முடியவில்லை. மெக்சிகப் பெண்களை மணந்தவர் பலர். 1946இல் கதவு சற்றே திறந்தது: இந்தியருக்கு ஆண்டுக்கு 100 பேர்! 1965 சட்டத்துக்குப் பின்தான் வாயில் அகன்றது.

இனி நம் ஊர் வேலை. எந்த வழியில் போனாலும் மணச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்தத் திருமணத்தையும் பதிவு செய்தாக வேண்டும். 90 நாளுக்குள் செய்துவிடு. மந்திரமின்றி மாலை மாற்றி மணந்தவர்களே, அஞ்ச வேண்டாம்! அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத் தகுதி தந்துவிட்டது. 'இது திருமணமா?' என்று ஏளனம் பேசியவர் உண்டு. அந்தத் திருமணத்தின் சான்றிதழும் இன்று கடல் தாண்டிச் செல்கிறது.

கடைசியாக ஒன்று. அட்டை கணவன் கையில். அச்சம் பெண்ணின் நெஞ்சில். "என் தயவில் வந்தவள்தானே" என்று அவன் கை ஓங்கினால்? 1994ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, கொடுமைக்குள்ளான மனைவி கணவன் துணையின்றித் தானே மனுச் செய்யலாம். இங்கே தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாட்டுத் திருமணப் புகார்களுக்கென 2009 முதல் தனிப் பிரிவு உண்டு. இந்த இரண்டையும் மகள் காதில் போட்டு அனுப்பு. அதுதான் உண்மையான சீர்வரிசை.

வெளிநாட்டு மாப்பிள்ளை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தம்பி. நல்லவர்கள் இருக்கிறார்கள், நலமாக வாழ்கிறவர்களும் ஏராளம். நிச்சயத் தாம்பூலம் மாற்றுமுன் மூன்று கேள்வி கேள்: அட்டையின் தேதி என்ன? மனு என்றைக்குப் போடுவீர்? அதுவரை எங்கள் பெண் எங்கே, எப்படி வாழ்வாள்? பதில் சொல்லத் தயங்குகிற வீட்டுக்கு, ஆயிரம் நைட்டி தைத்து வளர்த்த மகளை ஏன் அனுப்ப வேண்டும்?